மலைப்பாதையில் மின்வண்டி: ஏற்றத்தை விட்டு இறக்கத்தைக் கணக்கிடுங்கள்

கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் சிற்றூர்) அன்பர் ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவரிடம் பத்தொன்பது ஆண்டு பழைய டீசல் ஜீப் ஒன்றும், சுற்றுலாப் பயணிகளுக்காக ஓட்டும் டீசல் கார் ஒன்றும், கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப் ஒன்றும் இருக்கின்றன. மூன்றையும் விற்றுவிட்டு மின்வண்டிக்கு மாறிவிடலாமா, மலை ஏறும்போது பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிடுமா, ஓட்டுநர் இல்லாத வண்டி வரப்போகிறது என்கிறார்களே, மகனை இந்தத் தொழிலில் விடலாமா என்பன அவருடைய கேள்விகள். குன்னூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வண்டிகளைப் பழுது பார்த்தவன் என்ற முறையிலும், கடந்த சில ஆண்டுகளாக மின்கார் ஒன்றை இந்தச் சாலைகளில் நானே ஓட்டி வருபவன் என்ற முறையிலும் என்னால் இயன்றவரை விளக்குகிறேன்.

முதலில், மின்வண்டியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மலையில் ஒரு வண்டியின் தகுதியைத் தீர்மானிப்பது இறக்கம்தான் என்பது என் உறுதியான கருத்து. ஏற்றத்தில் இயலாத வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் இயலாத வண்டி நிற்காது. எங்கள் தலைமுறை ஓட்டுநர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம், எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பதுதான். மலையடிவாரத்தில் கல்லாற்றுப் பக்கம் மாலை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சமவெளி வண்டிகளின் பிரேக் லைனிங் கருகும் நாற்றம் நன்றாகத் தெரியும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை உயிர்கள் போயின என்பதையும், அதனால் அங்கே வெளியூர் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு வந்ததையும் நாம் மறக்கவில்லை. அங்கே விபத்துக்குள்ளான வண்டிகளில் பெரும்பாலானவை ஏற முடியாமல் நின்றவை அல்ல, இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனவை.

ஆனாலும் ஏற்றத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அச்சம் நியாயமானது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது; உதகை 2,240 மீட்டர். இடையில் உள்ள உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். ஒரு டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க 5 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, kWh) சற்று மேல் மின்சாரம் வேண்டும். இது இயற்பியல் கணக்கு. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் மாறாது. ஆட்களும் பெட்டிகளுமாக 1.8 டன் வரும் ஒரு காருக்கு உயரத்துக்காக மட்டும் 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும். அதனுடன் ஐம்பது கிலோமீட்டர் சாலையில் டயர் உருளும் தடையும், காற்றின் தடையும், மோட்டாரிலும் பேட்டரியிலும் வீணாவதும் சேர்ந்தால் மொத்தம் 15 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் புறப்பட்டால் சமவெளிக்கு இன்னும் 5 யூனிட் சேரும். ஆக, 30 யூனிட் பேட்டரி உள்ள கார் கோவையிலிருந்து உதகைக்குத் தாராளமாக வந்து சேரும். 20 யூனிட்டுக்கும் குறைவான பேட்டரி உள்ள சிறிய கார் மேட்டுப்பாளையத்தில் ஒரு முறை சார்ஜ் போட்டுக்கொண்டு ஏறுவதே அறிவுடைமை. நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டர் எண்ணிக்கையை மலையில் முற்றிலும் மறந்துவிடுங்கள். யூனிட்டையும் உயரத்தையும் மட்டும் கணக்கிடப் பழகுங்கள்.

ஏற்றத்தில் மின்வண்டிக்கு ஒரு பெரிய சாதகமும் உண்டு. உதகையின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சை இழக்கிறது. கார்புரேட்டர் காலத்து அம்பாசிடரும் ஃபியட்டும் மேலே வந்ததும் கரும்புகை கக்கியதற்கு அதுவே காரணம். காற்று குறைய, பெட்ரோல் மட்டும் அதே அளவில் இறங்கியதால் கலவை கெட்டது. பர்லியாறு தாண்டியதும் ஓரங்கட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிய நாட்களை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்மோட்டாருக்குக் காற்று தேவையில்லை. கல்லாற்றில் இருந்த இழுவை தொட்டபெட்டாவிலும் அப்படியே இருக்கும். கொண்டை ஊசி வளைவில் பாதி ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் எடுக்கும்போது கிளட்ச் கருகும் பேச்சே கிடையாது.

இனி இறக்கத்துக்கு வருகிறேன். உதகைக்கு ஏறிய கார் தனக்குள் 9 யூனிட் சக்தியை உயரமாகச் சேமித்து வைத்திருக்கிறது. பழைய வண்டி இறங்கும்போது அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கிலும் எஞ்சினிலும் டயரிலும் சூடாகி, காற்றில் கலந்து வீணாகிறது. மின்வண்டியில் சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் டைனமோவாக மாறி, பேட்டரியை நிரப்பிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. தடைகளும் வீணானதும் போக, என்னுடைய காரில் உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் சேரும்போது ஏறத்தாழ 4 யூனிட் திரும்பி வந்திருக்கும். பணமாகப் பார்த்தால் அது பெரிதல்ல. பிரேக் சூடாகாமல் அடிவாரம் சேர்வதுதான் பெரிது. செகண்ட் கியரில் போட்டு இறக்கு என்று நாம் தொண்டை வறளச் சொல்லிய பாடத்தை, மலை தெரியாத சமவெளி ஓட்டுநருக்கும் இந்த வண்டி தானாகவே செய்து கொடுக்கிறது.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. விற்பனையாளர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாது. உதகையில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கத் தொடங்கினால், பேட்டரியில் இடமில்லாததால் மோட்டார் பிடிப்பது மிகவும் குறைந்துவிடும். அப்போது முழு எடையும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். கியரும் இல்லாத வண்டி அது. மின்கார் வாங்கிய புதிதில் கேத்தியிலிருந்து இப்படி நிரப்பிக்கொண்டு இறங்கி, முதல் வளைவிலேயே வண்டி வழக்கம்போல் பிடிக்காததைக் கண்டு நான் நடுங்கியிருக்கிறேன். அன்று முதல், இறங்கும் நாளுக்கு முந்தைய இரவு எழுபது அல்லது எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் சார்ஜ் வைப்பதே இல்லை. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். லித்தியம் பேட்டரி குளிர்ந்திருக்கும்போது வேகமாக மின்சாரம் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். ஆகவே வண்டியே அந்த நேரத்தில் திரும்பப் பெறும் மின்சாரத்தைக் குறைத்துவிடும். உறைபனி படிந்த புல்வெளியைத் தாண்டிக் காலை ஆறு மணிக்கு இறங்குகிறவர், முதல் சில கிலோமீட்டர்களுக்காவது மோட்டார் பிடிப்பை நம்பாமல் பிரேக்கைச் சோதித்தபடி மெதுவாகப் போக வேண்டும்.

இப்போது உங்கள் பிக்கப். மூன்று வண்டிகளில் மின்சாரத்துக்கு முதலில் மாற வேண்டியது இதுதான் என்று சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். சரக்கு வண்டிக்கு மின்சாரம் சரிப்படாது என்ற எண்ணம் சமவெளிக்குப் பொருந்தலாம். உங்களுடைய தொழிலுக்குப் பொருந்தாது. காரணம், உங்கள் வண்டி லோடுடன் இறங்குகிறது, காலியாக ஏறுகிறது. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உயரம் ஏறத்தாழ 1,450 மீட்டர், தூரம் 33 கிலோமீட்டர். இந்த உயரத்துக்கு ஒரு டன்னுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியும் காய்கறியுமாக 3.2 டன் இறங்கும்போது 12 யூனிட்டுக்கு மேல் சக்தி கீழே வருகிறது. தடைகளும் வீணானதும் போகப் பேட்டரிக்கு ஆறு யூனிட் போலச் சேரும். காலி வண்டி 1.7 டன் என்றால், திரும்பி ஏறுவதற்கு எல்லாம் சேர்த்து 11 யூனிட் ஆகும். ஏறுவதற்குத் தேவையானதில் பாதிக்கு மேல் நீங்கள் விளைவித்த கேரட்டின் எடையே கொடுத்துவிடுகிறது. இது என் கற்பனை அல்ல; சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு சிமென்ட் ஆலையின் கல்குவாரியில், மேலிருந்து கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கிக் காலியாக ஏறும் மாபெரும் மின்லாரி ஒன்று, ஏறச் செலவழிப்பதற்கும் அதிகமாக இறக்கத்தில் மின்சாரத்தைச் சேர்க்கும்படி அமைக்கப்பட்டது. அங்கே கல் செய்யும் வேலையை இங்கே கேரட்டும் உருளைக்கிழங்கும் பச்சைத் தேயிலையும் செய்யும். ஒன்றே ஒன்று: அரிசி மூட்டையும் உரமும் ஏற்றிக்கொண்டு திரும்புகிற நாட்களில் இந்தக் கணக்கு தலைகீழாகும்; அன்றைக்கு அடிவாரத்தில் நிரப்பிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

நீலகிரிக்கு இது புதிய செய்தியும் அல்ல. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த மலையின் உயரத்தைத்தான் மின்சாரமாக மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கோவையின் பஞ்சாலைகள் அந்த மின்சாரத்தில் பெருகியவை. குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் கட்டப்படுவதும் இதே தத்துவத்தில்தான்: மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரமாக்குவது. உங்கள் பிக்கப் செய்யப்போவது அதையே சிறிய அளவில்.

சுற்றுலாக் காரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியானால், டீசலில் மிச்சமாகும் பணம் கடன் தவணையைத் தாங்கும்; விமான நிலையத்துக்கும் மைசூருக்கும் நாள்தோறும் நீண்ட தூரம் போகிறவரானால், வழியில் நம்பகமான சார்ஜ் நிலையங்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் இன்று பல நிறுவனங்களிடம் வழக்கமாகிவிட்டது. அந்த எழுத்தில் வாடகை வண்டிக்கு விலக்கு இருக்கிறதா என்று மட்டும் வரிக்கு வரி படித்துப் பாருங்கள்.

ஆனால் மின்கார் வந்தால் உதகையின் நெரிசல் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது வண்டிகளின் எண்ணிக்கையால்தான். சேரிங் கிராஸில் நிற்கும் மின்காரும் டீசல் கார் அடைக்கும் அதே இடத்தைத்தான் அடைக்கும். வாகன நிறுத்தத்தை அடிவாரத்தில் அமைத்து, அங்கிருந்து மின்பேருந்தில் மக்களை ஏற்றிவருவது இந்த மலைக்கு எத்தனையோ மேல். என் நண்பர்களான வாடகை ஓட்டுநர்கள் பலர் இதை விரும்பமாட்டார்கள் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். மேலே வந்தவர்களுக்கு உள்ளூர் வண்டிதானே வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜீப்பை விற்காதீர்கள். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை, தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. பசுமை வரி கட்ட வேண்டும், எஃப்.சி. எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஜீப் ஆண்டுக்கு மூன்றாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அப்படி எப்போதாவது ஓடும் வண்டிக்குப் பதிலாகப் புதிய மின்வண்டி வாங்குவது சுற்றுச்சூழலுக்கும் நன்மை அல்ல, ஏனென்றால் பேட்டரியைச் செய்வதிலேயே கணிசமான கரி வெளியாகிறது. முப்பது யூனிட் பேட்டரி ஒன்றைச் செய்ய இரண்டு மூன்று டன் கரியமில வாயு வெளியாகும் என்று கொண்டால், அது ஆயிரம் லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம். தினமும் ஓடும் வண்டி அந்தக் கடனை விரைவில் அடைத்துவிடும். கொட்டகையில் நிற்கும் வண்டி அடைக்கவே அடைக்காது. மேலும், 2009 நவம்பரில் மண்சரிவில் சாலைகள் துண்டிக்கப்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் கண்ட ஊர் இது. மரம் விழுந்து மின்கம்பி அறுந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத நேரத்தில், பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுபோகச் சேற்றில் இறங்கும் நால்சக்கர இழுவை வண்டி ஒன்று ஒவ்வொரு ஹட்டியிலும் இருக்க வேண்டும். புகையை மட்டும் கவனியுங்கள். இன்ஜெக்டரையும் வடிகட்டியையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பழைய டீசலும் பள்ளிக்கூடத்து வாசலில் கரும்புகை விடாது. பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: இப்போது கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் இளக்கக்கூடும். அவற்றை முன்கூட்டியே மாற்றிவிடுவது தீப்பிடிக்கும் அபாயத்தைத் தவிர்க்கும்.

மகனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஓட்டுநர் இல்லாத வண்டி பொய்யல்ல. 2004-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பாலைவனத்தில் நடத்திய முதல் போட்டியில், 240 கிலோமீட்டர் பாதையில் எந்த வண்டியும் 12 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. மறு ஆண்டே நடந்த அடுத்த போட்டியில் ஐந்து வண்டிகள் முழுப் பாதையையும் கடந்தன. 2020 முதல் ஃபீனிக்ஸ் நகரில் வேமோ நிறுவனத்தின் ஆளில்லா வாடகைக் கார்களில் பொதுமக்கள் பயணம் செய்கிறார்கள். அதே சமயம், 2018-இல் ஃபீனிக்ஸுக்கு அருகே டெம்பி நகரில் சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கிக் கார் சாலையைக் கடந்த பெண் ஒருவரின் உயிரைப் பறித்தது. 2023-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த விபத்துக்குப் பின் குரூஸ் நிறுவனத்தின் அனுமதி நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு அதன் தாய் நிறுவனமே ஆளில்லா வாடகைக் கார் முயற்சியைக் கைவிட்டது. இவை ஓடும் ஊர்களைக் கவனியுங்கள்: அகன்ற சாலை, தெளிவான கோடு, ஒவ்வொரு அடியும் முன்னதாக வரைபடமாக்கப்பட்ட நகரம்.

நம் சாலையோ வேறு. குன்னூரில் மாலை நான்கு மணிக்கு இறங்கும் மூடுபனியில் கேமராவின் கண் மங்கும். லேசர் ஒளியை வீசி அளக்கும் கருவிக்கும் அந்தப் பனித்துளிகளே சுவராகத் தெரியும். வளைவுக்கு அப்பால் வரும் பேருந்தை எந்தக் கருவியும் பார்க்க முடியாது. நாம் அதை ஹார்ன் ஒலியில் கேட்கிறோம், எதிர்ப் பாறையில் படும் விளக்கொளியில் அறிகிறோம். குறுகிய சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பது சட்டத்திலும் இருக்கிறது, ஓட்டுநர்களின் மரியாதையிலும் இருக்கிறது. ஆனால் யார் எவ்வளவு பின்னால் வருவது என்பது ஒரு கையசைப்பில், ஒரு தலையசைப்பில் முடிவாகிறது. தேயிலைத் தோட்டத்திலிருந்து கூடையுடன் வரிசையாக வரும் பெண்கள், சாலை நடுவில் அசையாமல் நிற்கும் காட்டுமாடு, மசினகுடிச் சாலையில் கன்றுடன் நிற்கும் யானை இவற்றின் முன் என்ன செய்வது என்பதற்குக் கோடு போட்ட விதி கிடையாது. யானை காதை விரித்திருக்கிறதா, மடித்திருக்கிறதா என்று பார்த்து வண்டியைப் பின்னால் எடுக்கும் அறிவை நான் இதுவரை ஒரு கருவியிலும் காணவில்லை. இன்றைய புதிய கார்களில் உள்ள, வண்டியைக் கோடு தாண்டாமல் வைத்திருக்கும் உதவியே வளைவில் ஸ்டியரிங்கைத் தவறான பக்கம் இழுக்கக்கூடும்; மலையேறும் முன் அதை அணைத்துவிடுவதே நல்லது. போதாததற்கு, ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் ஆளில்லாக் கார்களை நாட்டுக்குள் அனுமதிக்கப் போவதில்லை என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த முடிவு ஒருநாள் மாறலாம். மாறினாலும் சென்னையின் புறவழிச் சாலைக்கு வந்து பல காலம் கழிந்த பிறகே அது பர்லியாறு தாண்டும்.

ஆகவே மகன் ஓட்டுநராகட்டும், ஆனால் வெறும் ஓட்டுநராக மட்டும் ஆக வேண்டாம். ஐ.டி.ஐ.யில் மின்வண்டி பழுதுநீக்கம் கற்றுக்கொள்ளட்டும். பல நூறு வோல்ட் ஓடும் கம்பியில் கை வைப்பதற்கு முன் எதைத் துண்டிக்க வேண்டும், பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் இந்த மலையில் இப்போது மிகச் சிலரே. வண்டிக்கு ஏதாவது என்றால் கோவைக்கு லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். அவனுக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். மின்வண்டி ஓசையில்லாமல் வரும். ஐரோப்பாவில் 2021 முதல் புதிய மின்கார்கள் எல்லாவற்றிலும் மெதுவாகச் செல்லும்போது எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி கட்டாயம். நம் ஊரில், மூடுபனியில், சாலையோரம் முதுகைக் காட்டி நடந்து போகும் முதியவருக்கு அந்த ஓசை கேட்காவிட்டால் ஹார்ன் அடித்துத்தான் ஆக வேண்டும், ஒவ்வொரு வளைவிலும்.

பிக்கப் வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் ஒருநாள் சோதனை ஓட்டம் கேளுங்கள். காலி வண்டியைக் கடைவீதியில் சுற்றிக் காட்டுவதை ஏற்காதீர்கள். எழுபது சதவீத சார்ஜில், நீங்கள் வழக்கமாக ஏற்றும் அதே லோடுடன் கோத்தகிரியிலிருந்து இறங்குங்கள். மேட்டுப்பாளையத்தில் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, நிறுத்தியதும் சக்கரத்துக்கு அருகே கை வைத்து வெப்பத்தைப் பாருங்கள். லோடை இறக்கிவிட்டுச் சார்ஜ் போடாமல் ஏறி, வீட்டு வாசலில் மீண்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களையும் பேட்டரியின் அளவையும் எனக்கு அனுப்பினால், உங்களுக்கு எந்த அளவு போதும் என்பதைச் சேர்ந்து கணக்கிடலாம்.